ஞாயிறு மூன்றிலிருந்து ஐந்து வரை சிஸ்டம் இருக்காது

மென்பொருளுக்கு அப்டேட் போடும் வேலையில் இருப்பவர்களுக்கு நல்ல பெயர் கிடைக்க ஒரே வழி, அப்டேட் போடும் நாளில் விடுப்பில் இருப்பதுதான்.

எல்லாம் ஒழுங்காக நடந்தால் நாம் ஒருத்தர் இருப்பதே யாருக்கும் தெரியாது. ஒரு பட்டன் இடம் மாறினால் போதும், பினாங்குப் பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நம் தலைதான் உருளும். எங்கெங்கோ உட்கார்ந்து இதே வேலையைப் பார்த்துத் தலையைச் சொறிந்துகொண்டிருக்கும் சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தாலும் நல்லதுதான். உங்கள் ஆபீசிலும் என்னைப் போல ஒருத்தி இருப்பாள். அடுத்த தடவை அவளைத் திட்டுவதற்கு முன் இரண்டு நிமிடம் தாமதிப்பீர்கள்.

ஜார்ஜ் டவுனில் அரிசி, பருப்பு, மசாலா, வெங்காயம் எல்லாம் மொத்தமாக விற்கும் ஒரு கம்பெனியில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். என் பெயர் ஸ்டெல்லா. கடைக்காரர்களிடம் ஆர்டர் எடுப்பது, ஸ்டோரில் சரக்கு எவ்வளவு என்று பார்ப்பது, லோரி அனுப்புவது எல்லாம் ஒரே மென்பொருளில்தான் நடக்கும். அதை எல்லோரும் 'சிஸ்டம்' என்பார்கள். அதைப் பார்த்துக்கொள்ளும் இலாகாவில் மொத்தம் இரண்டு பேர். எதை, எப்போது, எப்படி மாற்றுவது என்று திட்டம் போடுவது நான். உட்கார்ந்து மாற்றுவது ஹெங் என்ற சீனப் பையன். எட்டு வருடமாக எங்களோடு இருப்பதால் அவனுக்குத் தமிழில் திட்டினால் மட்டும் நன்றாகப் புரியும்.

போன வருடம் பெரிய அப்டேட் ஒன்று வந்து சேர்ந்தது. பழைய சிஸ்டத்தை வருடக் கடைசியோடு கைகழுவிவிடுவதாக அதைத் தயாரித்தவர்கள் சொல்லிவிட்டார்கள். மொத்தத்தையும் புதிதாக மாற்ற வேண்டும். எங்கள் முதலாளி ஹாஜா முகைதீன் அதிகம் பேசமாட்டார். அன்றைக்கு என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "ஒரு தடவை தப்பாப் போனா பரவால்ல ஸ்டெல்லா. ரெண்டாவது தடவையும் பழசுக்கே திரும்பினா, கோலாலம்பூர் கம்பெனி ஒண்ணுகிட்ட மொத்தமா குடுத்துடுவேன். கோவிச்சுக்கக் கூடாது" என்றார். மொத்தமாக என்றால் எங்கள் இரண்டு நாற்காலிகளையும் சேர்த்துத்தான்.

யோசிக்கிற சிஸ்டம்

பெரிய அப்டேட்டுக்கு முன்னால் சின்னச் சின்ன அப்டேட்டுகள் நிறையப் போட்டிருக்கிறோம். அதில் எங்களுக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது, சிஸ்டத்தை வேகமாக்கியதுதான். முன்பெல்லாம் லோரிக்கான ஆர்டரை அழுத்தினால் நாற்பது வினாடி சக்கரம் சுற்றும். ஹெங் மூன்று வாரம் மல்லுக்கட்டி அதை ஒரு வினாடிக்குக் கொண்டுவந்தான். யாராவது பாராட்டுவார்கள் என்று இரண்டு பேரும் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம்.

ஜெலுத்தோங் ஸ்டோரில் லோரி அனுப்புகிறவர் மைதீன் அண்ணன். அந்த நாற்பது வினாடியில் அவர் ஃபிளாஸ்கைத் திறந்து, பாலில்லாத தேநீரான தே ஓ ஊற்றி, ஒரு வாய் குடிப்பார். சக்கரம் நிற்கும்போது கோப்பையும் காலியாகியிருக்கும். இப்போது அழுத்தியவுடனேயே முடிந்துவிட்டது என்று வந்தால் அவரால் எப்படி நம்ப முடியும்? மறுபடி அழுத்தினார். அப்போதும் சந்தேகம் தீராமல் இன்னொரு தடவை அழுத்தினார். ஒரே கடைக்கு மூன்று லோரி போய் நின்றது. நாங்கள் எவ்வளவோ எடுத்துச் சொன்னோம், கேட்கவில்லை. கடைசியில் ஹெங் மனம் நொந்துபோய், வேலை ஒரு வினாடியில் முடிந்தாலும் சக்கரம் மட்டும் சும்மா முப்பது வினாடி சுற்றும்படி வைத்துவிட்டான். மறுநாள் மைதீன் அண்ணனே போன் செய்து பாராட்டினார்: "இப்பத்தான் தங்கச்சி சிஸ்டம் ஒழுங்கா யோசிச்சு வேலை செய்யுது."

ஒன்றும் நடக்காத இரண்டு மணி நேரம்

பெரிய அப்டேட்டுக்குச் சிஸ்டத்தை இரண்டு மணி நேரம் மூடியே ஆக வேண்டும். வருடத்தில் இரண்டு மணி நேரம் கிடைக்காதா என்று கேட்பீர்கள். பினாங்கில் கடை வைத்திருப்பவர்களுக்குச் சரக்கு விற்றுப் பாருங்கள், தெரியும்.

விடியற்காலையில் லோரி ஏற்றுவார்கள், அப்போது தொடக்கூடாது. மத்தியானம் நாசி கண்டார் சோற்றுக் கடைகளில் கூட்டம் குவியும்போதுதான் கோழி மசாலா தீர்ந்துபோய் அவசர ஆர்டர் வரும். மாலையில் மறுநாளைக்கு ஆர்டர். வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் பாதிக் கடைகள் அடைத்திருக்குமே என்றால், மீதிப் பாதி அப்போதுதான் சாவகாசமாகப் போன் செய்யும். ஞாயிறு காலை எனக்குச் சர்ச்சில் பூசை. நோன்பு மாதம் கூடாது, தீபாவளிக்கு முன்னால் கூடாது, சீனப் பெருநாளுக்கு முன்னால் நினைத்தும் பார்க்கக்கூடாது. டுரியான் பழக் காலத்தில், தோட்டங்கள் நிறைந்த பாலிக் புலாவ் கடைகள் இரண்டு மடங்கு ஆர்டர் போடும். நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத்தில் காலண்டரில் ஸ்டிக்கர் ஒட்டினேன். முடிந்ததும் வெள்ளையாக ஒரு கட்டம்கூட மிச்சமில்லை. சுவரில் அதைப் பார்த்த ஹெங், யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டான்.

நொந்துபோய் மைதீன் அண்ணனிடமே கேட்டேன். அவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஒண்ணும் நடக்காத நேரமாப் பாத்து வைங்க தங்கச்சி. அப்படி ஒரு நேரம் கெடைச்சா எனக்கும் சொல்லுங்க, நான் முடி வெட்டப் போகணும்."

நாற்பது மூட்டை வெங்காயம்

வேறு வழியில்லாமல் வெள்ளிக்கிழமை ஒன்றிலிருந்து மூன்று என்று முடிவு செய்தேன். அதற்கு முன்னால், தினமும் சிஸ்டத்தில் வேலை செய்கிறவர்களே புதியதைப் போட்டுப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட வேண்டும். அதற்காக உண்மையான சிஸ்டம் மாதிரியே ஒரு சோதனைச் சிஸ்டம் வைத்தோம். வித்தியாசம் தெரிய, சோதனைத் திரையின் உச்சியில் மட்டும் ஒரு மஞ்சள் கோடு.

பாலத்துக்கு அந்தப் பக்கம் நிபோங் திபால் கிளையில் லெட்சுமி அக்கா இருக்கிறார். இருபத்தைந்து வருடமாகப் போனில் ஆர்டர் எடுப்பவர். இருமலை வைத்தே எந்தக் கடைக்காரர் என்று சொல்லிவிடுவார். அவருடைய கம்ப்யூட்டரின் மேல் விளிம்பில் பிள்ளையார் படம், அதற்குப் பக்கத்தில் லோரி நேர அட்டவணை, அதற்கும் பக்கத்தில் ஆலயத் திருவிழா நோட்டீஸ் என்று வரிசையாக ஒட்டித் தொங்கும். மஞ்சள் கோடு இருந்தாலும் அதற்குப் பின்னால்தான் இருக்கும், இல்லாவிட்டாலும் தெரியாது. இது எனக்குத் தோன்றவில்லை. "என்ன வேணும்னாலும் போட்டுப் பாருங்க அக்கா, ஒண்ணும் ஆகாது" என்று தைரியம் வேறு கொடுத்துவிட்டு வந்தேன்.

அக்கா சோதனையில் பாதியில் இருக்கும்போது போன் வந்திருக்கிறது. உண்மையான சிஸ்டத்தைத் திறந்து ஆர்டர் எடுத்திருக்கிறார். பிறகு அதே திரையிலேயே சோதனையைத் தொடர்ந்து, ஜார்ஜ் டவுனில் நாசி கண்டார் கடை வைத்திருக்கும் ஜமால் அண்ணன் பெயரில் நாற்பது மூட்டை வெங்காயம் போட்டுவிட்டார். ஏதோ பெரிய விருந்து போலிருக்கிறது என்று ஸ்டோர்காரர்களும் சந்தோஷமாக ஏற்றிவிட்டார்கள். மறுநாள் காலை நான் ஓடிப்போய்ப் பார்க்கும்போது, கடைக்கு வெளியே சாப்பிட வந்தவர்கள், உள்ளே ஜமால் அண்ணன், நடுவில் வெங்காய மூட்டைகள். மூட்டைக்கு மேலே அவருடைய தலை மட்டும்தான் தெரிந்தது. அங்கிருந்தபடியே என்னிடம் சொன்னார்: "உங்க டெஸ்ட்டு நல்லா வேலை செய்யுது தங்கச்சி. என் கடை வாசல்தான் வேலை செய்யல."

நான்கு மொழியில் ஒரு அறிவிப்பு

அறிவிப்பு எழுதுவதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. 'வெள்ளிக்கிழமை ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை சிஸ்டம் இருக்காது' என்பதைத் தமிழ், மலாய், ஆங்கிலம், சீனம் நான்கிலும் எழுதி, மூன்று தடவை மெயிலில் அனுப்பினேன். ஸ்டோரில் கழிவறைக் கதவுக்கு உள்பக்கம்கூட ஒட்டினேன். அங்கேதான் எல்லோரும் நிதானமாக உட்கார்ந்து படிப்பார்கள் என்பது என் அனுபவம்.

வெள்ளிக்கிழமை ஒன்று ஐந்துக்குப் போன் அடித்தது. லெட்சுமி அக்கா. சிஸ்டம் வரவில்லையாம். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! மெயில் வந்ததா என்றேன். வந்தது என்றார். படித்தீர்களா என்றேன். மூன்றையும் படித்ததாகச் சொன்னார். பிறகு ஏன் அக்கா போன் செய்கிறீர்கள் என்று கத்தினேன். அவர் கோபப்படவே இல்லை: "படிச்சேம்மா. மத்தவங்களுக்குப் போட்டிருக்குன்னு நெனச்சேன்."

பெட்டி

மூன்று மணிக்குப் புதிய சிஸ்டம் வந்துவிட்டது. நானும் ஹெங்கும் கைகுலுக்கிக்கொண்டோம். அந்தச் சந்தோஷம் சனிக்கிழமை காலை எட்டு மணி வரைக்கும் தாங்கியது.

என்ன நடந்தது என்று புரிய, பழைய சிஸ்டத்தில் இருந்த ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கஸ்டமரின் பெயருக்குக் கீழேயும் 'குறிப்பு' என்று ஒரு பெட்டி இருக்கும். எதை வேண்டுமானாலும் தட்டலாம். புதிய சிஸ்டத்தில் அது இல்லை. நான் கேட்காமல் எடுத்துவிடவில்லை. கூட்டத்தில் எண்பத்தாறு வரிப் பட்டியலை ஒவ்வொன்றாகப் படித்தேன். நாற்பத்தொன்றாவது வரி, 'குறிப்புப் பெட்டி: யாருக்காவது வேண்டுமா?' மைதீன் அண்ணன் கொட்டாவி விட்டார். லெட்சுமி அக்கா கையெழுத்தே போட்டுக் கொடுத்தார்.

சனிக்கிழமை முதல் போன் பாலிக் புலாவிலிருந்து. பெரிய லோரி ஒன்று பழத்தோட்டத்துக்கு நடுவே ஒரு மரப்பாலத்துக்கு முன்னால் போய், முன்னேயும் போகமுடியாமல் பின்னேயும் வரமுடியாமல் நிற்கிறது. பின்னால் டுரியான் வண்டிகள் ஹாரன் அடிக்கின்றன. அந்தக் கடையின் பழைய குறிப்பு: 'பாலம் சின்னது. சின்ன லோரி மட்டும்.' இரண்டாவது போன் நிபோங் திபாலில் இருந்து. அங்கே அண்ணன் தம்பி இரண்டு பேருக்கு ஒரே பெயரில் அடுத்தடுத்து இரண்டு கடை. குறிப்பு: 'பேச்சு வார்த்தை இல்லை. அண்ணன் சரக்கைத் தம்பி கடையில் இறக்காதே, திரும்ப வராது.' இறக்கிவிட்டார்கள், திரும்ப வரவில்லை. மூன்றாவது, ஜெலுத்தோங்கில் காது கேட்காத ஒரு தவ்கே, சீனக் கடை முதலாளி. குறிப்பு: 'மணி அடிக்காதே, கதவைத் தட்டு.' புது டிரைவர் இருபது நிமிடம் மணி அடித்துவிட்டுச் சரக்கோடு திரும்பிவிட்டார். பதினொரு மணிக்குள் இப்படிப் பதினேழு போன்.

மத்தியானம் பழைய சிஸ்டத்துக்கே திரும்பினோம். முதலாளி போனில் "சரி" என்று ஒரே வார்த்தை சொன்னார். ஸ்டோர் வாசலில் காருக்குள் உட்கார்ந்து அழுதேன். பன்னிரண்டு வருட வேலை இன்னும் ஒரே ஒரு தடவையில் போய்விடும் என்ற பயம், ஊரே சிரிக்கிறதே என்ற வெட்கம், எல்லாவற்றுக்கும் மேலே லெட்சுமி அக்கா மேல் கோபம். போன் போட்டு, "அன்னைக்கு நான் அவ்வளவு தெளிவாக் கேட்டேனே அக்கா, பெட்டி வேணுமான்னு! ஏன் சொல்லல?" என்றேன். அவர் நிஜமாகவே வருத்தப்பட்டுத்தான் பதில் சொன்னார்: "நீ பெட்டி வேணுமான்னுதானேம்மா கேட்ட. எங்களுக்குப் பெட்டி வேணாம், அதுல எழுதியிருக்கறதுதான் வேணும்."

இறந்துபோனவர் பெயரில் பில்

புதிய சிஸ்டத்தில் குறிப்புப் பெட்டியை ஹெங் மறுபடி செய்தான். எவ்வளவு பெரிதாகச் செய்வது, எந்தக் குறிப்பைக் கொண்டுபோவது, எதை விடுவது என்று பார்க்க, ஒரு வாரம் தினமும் ஹெங்கோடு பாலம் தாண்டிப் போய் லெட்சுமி அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கடைக் குறிப்புகள் எல்லாவற்றையும் படித்தேன். எங்கள் ஆட்களும் மாதாமாதம் கம்பெனியில் அரிசி வாங்குவதால் அவர்கள் பெயரும் கஸ்டமர் பட்டியலில் தனியாக ஒரு பகுதியில் உண்டு. வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி வாங்குகிறவர்களுக்கு என்ன குறிப்பு இருக்கப்போகிறது என்று அதை மட்டும் நான் திறக்கவில்லை.

எல்லாமே தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி, நடுநடுவே மலாயைத் தூவியது. ஹெங்குக்கு எழுத்து தெரியும், அர்த்தம் தெரியாது. நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தான். 'மகளுக்குப் பரீட்சை. எப்படி எழுதினாள் என்று கேட்கவும்.' அந்த மகள் இப்போது இரண்டு பிள்ளைகளோடு ஈப்போவில் இருக்கிறாள். எடுத்துவிடலாமே என்றேன். பிள்ளைகள் பெயரைக் கீழே சேர்த்துக்கொண்டாரே தவிர, அக்கா எடுக்க விடவில்லை. 'முதல் தடவை வேண்டாம் என்பார். பத்து நிமிடம் கழித்து மறுபடி கேட்கவும்.' 'விலை சொன்னால் கத்துவார். கத்தி முடித்ததும் வாங்குவார்.'

ஹெங் ஏற்கெனவே ஒரு பட்டியல் வைத்திருந்தான், இறந்துபோன கஸ்டமர்களை நீக்குவதற்கு. அதில் முதல் பெயரின் குறிப்பைப் படித்தேன்: 'அண்ணன் தவறிவிட்டார். கடையை அவர் மனைவி நடத்துகிறார். பெயரை மாற்ற வேண்டாம். பில்லில் அவர் பெயர் வந்தால் அந்த அம்மாவுக்குச் சந்தோஷம்.' ஹெங்குக்கு அதை மலாயில் சொன்னேன். பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். பாலத்தில் திரும்பி வரும்போது அவனும் மலாயில் சொன்னான்: "நம்ம சிஸ்டத்துல ஒழுங்கா வேலை செய்யுறது அந்தப் பெட்டி ஒண்ணுதான் போல லா."

மெயில் வேண்டாம்

இரண்டாவது தடவைக்கு மறுபடி இரண்டு மணி நேரம் தேட வேண்டும். பல வண்ணக் காலண்டருக்கு முன்னால் நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது மைதீன் அண்ணன் ஒரு காகிதத்தோடு வந்தார். ஞாயிற்றுக்கிழமை மூன்றிலிருந்து ஐந்து என்று அதில் எழுதியிருந்தது. ஞாயிறு மூன்று மணிக்குக் கல்யாண வீடுகளில் பிரியாணி அரிசி தீர்ந்துபோய் ஆர்டர் வருமே என்றேன். அதெல்லாம் வராது என்றார்.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவரும் லெட்சுமி அக்காவும் கஸ்டமர் பட்டியலைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டு, பத்து நாளாக ஒவ்வொரு கடைக்காரரிடமும் சொல்லியிருக்கிறார்கள். யாரை எப்போது கூப்பிடலாம், யாரிடம் முதலில் என்ன விசாரிக்க வேண்டும், யாரிடம் இரண்டு தடவை சொல்ல வேண்டும் என்பதெல்லாம் குறிப்பில் இருக்கிறதே. காது கேட்காத தவ்கேயின் கதவை மைதீன் அண்ணன் நேரிலேயே போய்த் தட்டியிருக்கிறார். பேசாத அண்ணன் தம்பியிடம் அக்கா தனித்தனியாகச் சொல்லி, ஒருத்தரிடம் சொன்னது மற்றவருக்குத் தெரியாமலும் பார்த்துக்கொண்டாராம். நான் நெகிழ்ந்துபோய், அப்படியானால் அறிவிப்பையும் இன்றைக்கே அனுப்பிவிடுகிறேன் என்று எழுந்தேன். மைதீன் அண்ணன் பதறிவிட்டார்: "மெயில் மட்டும் அனுப்பிடாதீங்க தங்கச்சி. இப்பத்தான் எல்லாருக்கும் வெளங்கியிருக்கு."

நாலு முப்பத்தெட்டு

ஞாயிறு மூன்று மணிக்கு மூடினோம். ஒரு போன்கூட வரவில்லை. போன் வேலை செய்கிறதா என்று நானே இரண்டு தடவை எடுத்துப் பார்த்தேன். நாலரைக்குக் கடைசி வேலை, குறிப்புகளைப் புதிய பெட்டிக்கு மாற்றுவது. நாலு முப்பத்தெட்டுக்குத் திரை சிவந்தது. ஒரே ஒரு கஸ்டமரின் குறிப்பு பெட்டியில் அடங்கவில்லை, ரொம்ப நீளம். அது அடங்கினால்தான் மேற்கொண்டு நகரும். கடைகளிலேயே நீளமான குறிப்பை அளந்துதானே பெட்டி செய்தோம், இது யார்? ஹெங் பெயரைப் பார்த்தான். திரையை மெதுவாக என் பக்கம் திருப்பினான். அந்தக் கஸ்டமர் நான்தான்.

பன்னிரண்டு வருடமாக ஆளாளுக்குத் தட்டி வைத்திருந்தார்கள். 'அப்டேட் போடுகிற பொண்ணு. கோபம் வரும். அரை மணி கழித்துக் கூப்பிடவும்.' 'ஞாயிறு காலை பூசை, தொந்தரவு செய்யாதே.' 'மெயில் வந்தால் படித்தேன் என்று சொல்லிவிடவும். இல்லாவிட்டால் மூன்று வரும்.' 'சக்கரம் சும்மா சுற்றுகிறது என்று ஹெங் சொல்லிவிட்டான். நமக்குத் தெரியும் என்று இவளிடம் சொல்லாதே, பாவம்.' 'அம்மாவுக்கு ஆபரேஷன், இந்த வாரம் எதுவும் கேட்காதே.' அந்த வாரம் எனக்கு நினைவிருக்கிறது. ஒரு புகார்கூட வரவில்லை, சிஸ்டம் எவ்வளவு நன்றாக ஓடுகிறது என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். கடைசி வரி, பெட்டியைப் பற்றி நான் போனில் கத்திய அன்றைக்குப் போட்டது: 'வேலை கெட்டால் சாப்பிட மாட்டாள். சாப்பிட்டாச்சா என்று கேட்டுவிட்டு அப்புறம் திட்டவும்.'

கண்ணைத் துடைக்கக்கூட நேரமில்லை. நாலு வரியை வெட்டினால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். பெட்டியைப் பெரிதாக்கி மறுபடி ஓட்டினால் பதினைந்து நிமிடம். ஐந்து மணிக்கு நிபோங் திபாலில் போன் அடிக்க ஆரம்பித்துவிடும். அதற்குள் வராவிட்டால் பழசுக்குத்தான் திரும்ப வேண்டும், இரண்டு நாற்காலியும் காலி. புத்தியுள்ள எவளும் வெட்டிவிடுவாள். ஆனால் ஒரு தடவை சரியாகக் கேட்காமல் எடுத்துப் பட்டது போதாதா? லெட்சுமி அக்காவுக்குப் போன் போட்டேன். "அக்கா, என் குறிப்பு ரொம்ப நீளம். எதை எடுக்கலாம்?" "படிச்சிட்டியா?" என்றார். படித்துவிட்டேன் என்றேன். "கோபம் வரும்னு இருக்கே, அதை எடுத்துடவா?" என்று கேட்டேன். "அது இருக்கட்டும்மா, புதுசா வர்றவங்களுக்குத் தெரியணும்ல" என்றார். எதிலும் கைவைக்கச் சம்மதிக்கவில்லை. ஹெங்கைப் பார்த்தேன். அவன் அதற்குள் பெட்டியைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தான். நாலு ஐம்பத்தேழுக்குச் சிஸ்டம் வந்தது. நான் நாற்காலியில் சாய்ந்ததும் அது கிரீச்சென்று சத்தம் போட்டது.

திங்கட்கிழமை எல்லா லோரியும் போக வேண்டிய இடத்துக்கே போயின. பத்து மணிக்கு முதலாளி எங்கள் அறைக்கு வந்தார், பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக. சுற்றிப் பார்த்துவிட்டு, ரெண்டு நாற்காலியும் ரொம்பப் பழசாயிருக்கே, மாத்திக்குங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் வெளியே போகவும் போன் அடிக்கவும் சரியாக இருந்தது. லெட்சுமி அக்கா. குரலில் அப்படி ஒரு பாசம். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, பேனாவை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டேன். அக்கா ஆரம்பித்தார்: "சாப்டாச்சாம்மா?"

பன்னிரண்டு வருடத்தில் நான் போட்ட அப்டேட்டுகளில் பாதியைத் திரும்ப எடுக்க வேண்டி வந்திருக்கிறது. என் பெயருக்குக் கீழே அவர்கள் போட்டவற்றில் ஒன்றைக்கூட எடுக்க வேண்டி வரவில்லை.